மலைநாட்டுத் தேவாங்கு



உடல் மெலிந்து கண் மட்டும் பெரிதாயிருக்கும் பிள்ளையைப் பார்த்து, "தேவாங்கு மாதிரி இருக்கிறாயே" என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. அந்தச் சொல்லைக் கேளாதவர் இல்லை. அச்சொல்லுக்குரிய பிராணியைக் கண்டவரோ மிகச் சிலர். பகலெல்லாம் இலைச்செறிவில் உருண்டு கிடந்து, இரவிலே மட்டும் நடமாடும் அச்சிற்றுயிரின் ஓர் அரிய வகை நமது மலைநாட்டு உச்சிக் காடுகளில் வாழ்ந்து வருகிறது. அது பூண்டோடு அழிந்துவிட்டது என்றே ஒரு காலத்தில் பலர் எண்ணியிருந்தனர். அதன் இயல்பையும், அதற்கு நேர்ந்துள்ள இடரையும், தேயிலைத் தோட்டங்களுக்கும் அதற்கும் உள்ள தொடர்பையும் பற்றி இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

மனிதன், குரங்கு, மடகாஸ்கர் தீவின் லெமூர் ஆகிய யாவரும் அடங்கிய பெருங்குலத்திலேயே தேவாங்கும் அடங்குகிறது. ஆயினும் அது குரங்கன்று. குரங்குகளுக்கு முந்திய பழைய கிளை ஒன்றைச் சேர்ந்தது. ஒல்லித் தேவாங்குகள் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழவில்லை. இவற்றிலே சாம்பல்நிறத் தேவாங்கு இரு நாடுகளிலும் உண்டு. செந்நிறத் தேவாங்கோ இலங்கைக்கு மட்டுமே உரியது. சுவீடன் தேசத்து அறிஞர் லின்னேயஸ் 1758 ஆம் ஆண்டில் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியபோது, "மெல்ல நடப்பது" என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைத் தேர்ந்தெடுத்தார். சிங்கள மக்கள் இதனை உணஹப்புளுவா என அழைப்பர்.

இதன் உடலமைப்பைச் சற்று நோக்குவோம். வால் இல்லை. முகத்தின் பெரும்பகுதியைக் கண்களே அடைத்துக்கொண்டிருக்கின்றன. விழித்திரைக்குப் பின்னே ஒளியை மீண்டும் கண்ணுக்குள் திருப்பும் ஒரு படலம் இருப்பதால், விண்மீன்களின் சிறு வெளிச்சத்திலும் இது இரையைக் காணும். நாம் விளக்கை அடித்தால் கண்கள் தணல் போல் செந்நிறமாய் ஒளிரும். கையிலே சுட்டுவிரல் குன்றியிருப்பதால், கட்டைவிரலும் ஏனைய விரல்களும் ஓர் இடுக்கி போல் அகன்று கிளையைக் கவ்விக்கொள்கின்றன. கை கால்களில் இரத்தக் குழாய்கள் நுண்ணிய கிளைகளாகப் பின்னிக் கிடப்பதனாலேயே, நெடுநேரம் பற்றித் தொங்கினும் தசைகள் சோர்வதில்லை என்பர் உயிரியல் அறிஞர். எறும்பு, வண்டு, புழு, சிறு பல்லி முதலியவை இதன் உணவு.

தாய் ஏறத்தாழ ஐந்தரை மாதம் கருவைச் சுமந்து, ஒன்று அல்லது இரண்டு குட்டிகளை ஈனும். முதற் சில வாரங்கள் குட்டி தாயின் வயிற்றைப் பற்றியபடியே திரியும். அதன்பின் தாய் இருட்டியதும் அதனை ஒரு கிளையிலே இருத்திவிட்டு இரை தேடச் செல்லும். பொழுது புலருமுன் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளும். குட்டியோ அந்த நேரமெல்லாம் கிளையை இறுகப் பற்றியபடி அசையாது காத்திருக்கும். ஆகவே இரவில் தனித்திருக்கும் தேவாங்குக் குட்டியைக் காண்போர், அதனைத் தாய் கைவிட்டுவிட்டது என்று கருதி எடுத்துவரலாகாது.

இனி மலைநாட்டு வகைக்கு வருவோம். ஹோட்டன் சமவெளி கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ளது. அங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலை 13 பாகை செல்சியஸ் அளவே. மார்கழி, தை மாதங்களில் புல்லின்மேல் உறைபனி படிவதும் உண்டு. 1937 ஆம் ஆண்டில் இக்காட்டிலிருந்து கிடைத்த தேவாங்குகள் தாழ்நிலத்துத் தேவாங்குகளைப் போன்றிருக்கவில்லை. கொழும்பு மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் பேராசிரியராக விளங்கிய ஒஸ்மன் ஹில் அவற்றை ஆராய்ந்து, 1942 இல் தனி வகையாக விவரித்தார். தாழ்நிலத்துத் தேவாங்கின் கைகால்கள் குச்சி போல் நீண்டு மெலிந்தவை; இதன் கைகால்களோ குறுகித் தடித்தவை. அதன் மேனியில் மெல்லிய உரோமம். இதன் மேனியிலோ கம்பளி போர்த்தியது போன்ற அடர்ந்த உரோமம். குளிரே இவ்வுருவைச் செதுக்கியது எனலாம்.

அதன் பின்னர் பல்லாண்டுகள் இது எவர் கண்ணிலும் தென்படவில்லை. 2002 இல் ஆராய்ச்சியாளர் ஒருமுறை கண்டதாகக் குறித்தனர். 2009 ஆம் ஆண்டில், இலண்டன் விலங்கியல் சங்கத்தோடு இணைந்து பணியாற்றிய இலங்கை ஆய்வாளர்கள் நம் மலைக் காடுகளில் இரவு இரவாகத் தேடி, இப்பிராணியைக் கண்டு முதன்முறையாகப் புகைப்படம் எடுத்தனர். கிளையொன்றில் அமர்ந்திருந்த, 20 சென்ரிமீற்றர் அளவே நீளமான அந்த ஆண் தேவாங்கின் படம் 2010 இல் உலகெங்கும் வெளியாயிற்று. இதனைத் தனியினம் என்று கொள்வதா, செந்நிறத் தேவாங்கின் உள்வகை என்று கொள்வதா என்பதில் அறிஞரிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இது அழியும் நிலையில் உள்ளது என்பதில் வேறுபாடு இல்லை.

ஏன் இந்த நிலை? விடை இதன் நடையிலேயே இருக்கிறது. குரங்கு தாவும், மலையணில் பாயும், தேவாங்கு தாவாது. ஒரு கையால் அடுத்த கிளையைப் பற்றிய பின்பே மறு கையை எடுக்கும். கிளையோடு கிளை தொடுமிடமெல்லாம் அதற்கு வழி. தொடாத இடம் அதற்கு மதில். நமக்கு நான்கு எட்டில் கடக்கக்கூடிய ஒரு தோட்டப் பாதை, தேவாங்குக்கு ஆறு போன்றது. தரையில் இறங்கிக் கடக்க முனைந்தால் நாய்க்கோ பூனைக்கோ இரையாகும். ஆகையால் காடு முற்றும் அழியவேண்டுமென்பதில்லை. காடு துண்டுபட்டாலே போதும். ஒவ்வொரு துண்டிலும் சிக்கிய சில தேவாங்குகள் தம்முள்ளேயே இனம் பெருக்கி, சந்ததி குன்றி, காலப்போக்கில் மறைந்துவிடும்.

நமது மலைநாடு துண்டுபட்ட வரலாறு யாவரும் அறிந்ததே. முதலிலே கோப்பிக்காகக் காடு வெட்டினர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தியது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துறையில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை, அதன் இடத்தைப் பிடித்து மலை மலையாக ஏறியது. ஆயினும் ஒரு நன்மை நிகழ்ந்தது. தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 1873 இல் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாது என்று அக்கால அரசாங்கம் கட்டளையிட்டது. மழையையும் ஆற்றையும் கருதி விதித்த அத்தடையே தேவாங்கின் உயிரையும் காத்தது. ஹோட்டன் சமவெளி 1988 இல் தேசியப் பூங்காவாயிற்று. சிவனொளிபாதமலைக் காடும், ஹோட்டன் சமவெளியும், நக்கிள்ஸ் மலைத்தொடரும் 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன.

எனினும் பெருங்காடுகளுக்கு வெளியே, நுவரெலியா, அக்கரப்பத்தனை, பொகவந்தலாவை, மஸ்கெலியா எனத் தோட்டங்களுக்கிடையே சிறு காடுகள் பல, கடலிடைத் தீவுகள் போல் நிற்கின்றன. மலை உச்சியில் ஒரு பற்றை, ஓடைக்கரையில் ஒரு வரிசை மரம், பாறைச் சரிவில் ஒரு சோலை: பெருங்காட்டையும் பெருங்காட்டையும் இணைக்கக்கூடிய கண்ணிகள் இவையே. விறகுக்காகவும், மரக்கறித் தோட்டத்திற்காகவும், பாதைக்காகவும் முதலில் வெட்டுப்படுபவையும் இவையே.

இமயமலைச் சாரலில் வாழும் செம்பாண்டா என்னும் அழகிய பிராணியின் கதையும் இதுபோன்றதே. அதுவும் மரத்தில் வாழ்வது. குளிருக்கேற்ற அடர்ந்த உரோமம் உடையது. மூங்கில் இலையை உண்பது. நேபாளம் முதல் தென்மேற்குச் சீனம் வரை பரந்துள்ள அதன் காடுகள் இன்று துண்டு துண்டாய்ப் போயின. தேயிலைக்குப் பேர்போன டார்ஜிலிங் நகரிலே, விலங்குத் தோட்டத்தில் செம்பாண்டாக்களை வளர்த்துப் பெருக்கி, 2003 இல் இரு பெண் பாண்டாக்களை அருகேயுள்ள சிங்காலிலா தேசியப் பூங்காவில் விட்டனர். கூண்டிலே இனம் பெருக்குதல் முயன்றால் கைகூடும். ஆனால் கொண்டுபோய் விடுவதற்குத் தொடர்ச்சியான காடு வேண்டுமன்றோ? காட்டைக் காப்பதற்கு ஈடான வேறு வழி இல்லை என்பதே இமயமும் நமக்குக் கூறும் பாடம்.

தேவாங்குக்கு மற்றோர் இடரும் உண்டு. அது மூடநம்பிக்கை. தேவாங்கின் கண்ணும் கண்ணீரும் வசியத்திற்கு உதவும், நோய்க்கு மருந்தாகும் என்ற எண்ணம் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. கூட்டிலே வைத்துச் சோதிடம் சொல்வோரும் இருந்தனர். இவற்றுக்கு யாதொரு விஞ்ஞான ஆதாரமும் இல்லை. இலங்கைச் சட்டமும் இந்தியச் சட்டமும் இப்பிராணியைப் பிடிப்பதையும் கொல்வதையும் தடுக்கின்றன. தமிழ்நாட்டு அரசு 2022 இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களிலே 11,806 ஹெக்டயர் நிலத்தைக் கடவூர் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென அமைந்த முதற் சரணாலயம் அதுவே.

நாம் செய்யத்தக்கது யாது? லயத்து அடுப்பு எரிவதற்கு விறகு வேண்டும். கவ்வாத்துக் காலத்து மிலாறு ஆண்டு முழுவதற்கும் போதாது. சொந்த நிலம் இல்லாத தொழிலாளியை நோக்கி, "காட்டுப் பக்கம் போகாதே" என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. தரிசாய்க் கிடக்கும் துண்டுகளில் விறகு மரம் நட்டு வளர்த்து, குடும்பங்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது தோட்ட நிர்வாகங்களின் கடமை. அவ்வாறு செய்தால் ஓடைக்கரை மரங்கள் தாமே தப்பும். ஓடைக்கரை மரம் தப்பினால் ஊற்று வற்றாது; பீலியில் தண்ணீர் நிற்காது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் ஹோட்டன் சமவெளிப் பகுதியிலிருந்து நீர் செல்கிறது என்பதை எண்ணிப் பார்க்கும்போது, இது தேவாங்கின் காரியம் மட்டுமன்று என்பது விளங்கும்.

இதற்கு நல்லதோர் உதாரணம் ஜாவாத் தீவில் உண்டு. அங்கே தேவாங்கின் உறவினமான மந்தத் தேவாங்கு, குடியானவர்களின் தோட்டங்களுக்கிடையே சிதறிய மரங்களில் வாழ்கிறது. ஆராய்ச்சியாளர்கள் குடியானவர்களோடு கலந்துபேசி, தோட்டத்திற்கு நீர் கொண்டுசெல்லும் குழாய்களை நிலத்தின்மேல் கிடத்தாது, மரத்திற்கு மரம் உயரத்திலே கட்டினர். குழாய் பயிருக்கு நீர் தந்தது, தேவாங்குக்குப் பாலமாயிற்று. பணச்செலவு பெரிதன்று, பயனோ இருவருக்கும் கிட்டியது. நம் மலைகளிலும் குழாய்வழித் தண்ணீர் எடுக்காத தோட்டம் இல்லை. காடு துண்டுபட்ட இடங்களிலே இம்முறையைச் சோதித்துப் பார்ப்பது அரிதான காரியமன்று. கயிற்றுப் பாலமும் அமைக்கலாம். பாதையின் இருமருங்கும் நிற்கும் மரங்களின் கிளைகள் மேலே தொடுமாறு ஓரிரு இடங்களில் வெட்டாது விடுதல், எல்லாவற்றினும் எளிது.

பிள்ளைகளுக்கும் இதில் ஒரு பங்குண்டு. ஆசிரியர்கள் இப்பிராணியைப் பற்றி வகுப்பிலே எடுத்துரைத்தால், அடுத்த தலைமுறை தேவாங்கைக் கண்டதும் கல் எடுக்காது. கண்ட இடத்தையும் நாளையும் குறித்து வனசீவராசிகள் திணைக்களத்திற்கு அறிவிக்கும். காயமுற்ற பிராணியைக் கண்டாலும் வீட்டிலே வைத்திராது, உரிய அதிகாரிகளிடம் ஒப்படைப்பதே முறை.

இரு கைக்குள் அடங்கும் இச்சிறு பிராணி உலகில் வேறெந்த மலையிலும் இல்லை. கொழுந்து மலைக்கு மேலே, மூடுபனிக்குள்ளே, நாம் உறங்கும் வேளையில் அது கிளைவிட்டுக் கிளை கைநீட்டிச் செல்கிறது. நீட்டிய கைக்கு எட்டுந் தூரத்தில் அடுத்த கிளை இருக்கவேண்டும். அதற்கு வேண்டுவது அவ்வளவே. அதனை அளிப்பது நம்மால் இயலும்.