காகனகோட்டை: ஒரு காட்டின் வரலாறு



மைசூரில் வாழும் நம்மவர்க்குத் தசரா ஊர்வலம் புதிதன்று. சுமார் 750 கிலோ எடையுள்ள பொன் அம்பாரியைச் சுமந்து யானை அசைந்து வருவதை ஆண்டுதோறும் கண்டு மகிழ்கிறோம். முற்காலத்தில் அரண்மனை யானைகள் பல, கபினி ஆற்றங்கரையில் இருந்த காகனகோட்டைக் காட்டில் பிடிக்கப்பட்டவை. அக்காட்டின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

காடு என்பது மனிதன் கைபடாத இடம் என்று நாம் கருதுகிறோம். காகனகோட்டையோ மனிதர் யானை பிடித்து வந்த காடு. 18ஆம் நூற்றாண்டில் ஹைதர் அலி இங்கே யானைக் கூட்டங்களைப் பிடிக்க முயன்று தோற்றார். இனி எவராலும் இது இயலாது என்றும், முயல்வோரைச் சபிப்பதாகவும் ஒரு கல்லில் பொறித்து வைத்தார். அக்கல் தம் காலத்திலும் நின்றிருந்ததாகச் சாண்டர்சன் என்னும் ஆங்கில அதிகாரி 1878இல் வெளிவந்த தம் நூலில் எழுதுகிறார். அவரே 1874இல் சாமராஜநகரப் பகுதியில் அம்முயற்சியில் வெற்றி கண்டவர். பின்னர் காகனகோட்டையும் அதற்குப் புகழ்பெற்றது.

யானை பிடிக்கும் குழியைத் தமிழில் கொப்பம் என்பர். இங்கு நடந்த ‘கெட்டா’ முறை வேறு. கூட்டத்தை நாற்புறமும் வளைத்து, பறையொலியாலும் தீயாலும் விரட்டி, ஆற்றைக் கடக்கச் செய்து, அகழியும் மரவேலியும் சூழ்ந்த அடைப்புக்குள் புகுத்துவார்கள். இதற்கு யானைத் தடமறிந்து வழிகாட்டியவர்கள் ஜேனு குறுபரும் பெட்ட குறுபரும் ஆவர். கன்னடத்தில் ஜேனு என்றால் தேன். பெட்ட என்றால் மலை. நம் நீலகிரியில் இத்தகையோரைக் குறும்பர் என்கிறோம்.

கடைசிக் கெட்டா 1971இல் நடந்தது. மறு ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974இல் கபினி அணை நிறைவுற்றபோது, யானைகள் கடந்த ஆற்றங்கரையும் குறுபர் குடியிருப்புகள் பலவும் நீரில் மூழ்கின. இன்றோ கோடையில் நீர் வற்றும்போது முளைக்கும் பசும்புல்லை நாடி, யானைகள் நூற்றுக்கணக்கில் அதே இடத்திற்கு வருகின்றன. அவற்றைக் காண வெளிநாட்டாரும் வருகின்றனர்.

தோற்ற மன்னருக்குக் கல் இருந்தது. வென்ற அதிகாரிக்கு நூல் இருக்கிறது. தடமறிந்து முன்னே நடந்த குறுபருக்கு இரண்டும் இல்லை. இருந்த ஊரும் இல்லை. வேற்று மண்ணில் குடியேறி வாழும் நமக்கு ஊர் என்பதன் அருமை தெரியும். அடுத்த தசராவில் யானையைக் காணும்போது, அம்மக்களையும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக.