ஆலைத் தொழிலாளரின் ஆலயம்

ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே பிற்ஸ்பேர்க் என்னும் பெருநகர் உருக்குத் தொழிலாற் பேர்பெற்றது. அந்நகருக்கு எதிரே, அலெகெனி ஆற்றின் மறுகரையில், மில்வேல் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே குன்றொன்றின்மேல் அர்ச். நிக்கொலாஸ் பெயரால் ஒரு கத்தோலிக்க ஆலயம் நிற்கின்றது. அதைக் கட்டியவர்கள் குரோவேசியா நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கூலித் தொழிலாளர்கள். வெளியே நின்று நோக்குவோர்க்கு அது செங்கல்லால் ஆன சாதாரணக் கட்டடமே. உள்ளே செல்வோரோ ஒரு கணம் திகைத்து நிற்பர். சுவர்களிலும் மேற்றளத்திலுமாக 25 ஓவியங்கள் அவர்களைச் சூழ்ந்துகொள்கின்றன. தேவமாதாவும் யேசுநாதரும் அங்கே இருக்கின்றனர். அவர்களோடு புகை கக்கும் ஆலைகளும், பத்திரிகைத் தாளின்மேற் கிடத்தப்பட்ட தொழிலாளியின் பிணமும், உயர்ந்த தொப்பி அணிந்த முதலாளியும், நச்சுப்புகை முகமூடி தரித்த உருவமும் இருக்கின்றன.

செபம் செய்யும் இடத்திலே இவை எவ்வாறு இடம்பெற்றன? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், அவ்வாலயத்தை எழுப்பிய மக்களின் வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே குரோவேசியா, ஒஸ்திரிய-அங்கேரிப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. கூட்டுக் குடும்பங்கள் பிரிந்து, நிலங்கள் துண்டு துண்டாயின. கடலோரத்துத் திராட்சைத் தோட்டங்களை வேர்ப்பேன் நோய் அழித்தது. மண்ணை நம்பி வாழ்ந்தவர்கள் மண் கைவிட்டபோது கப்பலேறினர். பிற்ஸ்பேர்க்கின் உருக்காலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் அவர்களை வரவேற்றன. அவர்தம் தோள்வலிமையை வரவேற்றன என்பதே பொருந்தும். அவர்களின் மொழியையோ பெயரையோ அறிந்துகொள்ள எவரும் முனையவில்லை. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த அனைவரையும் ‘ஹங்கி’ என்னும் ஓர் ஏளனச் சொல்லாலேயே அழைத்தனர்.

உருக்காலையில் நாளொன்றுக்குப் 12 மணி நேர வேலை. பகல் முறையிலிருந்து இரவு முறைக்கு மாறும் போது, இரு வாரங்களுக்கு ஒருமுறை, தொடர்ந்து 24 மணி நேரம் உலையின் முன் நிற்க வேண்டியிருந்தது. இப் பன்னிரண்டு மணி நேர முறையைப் பெரிய உருக்குக் கம்பெனிகள் கைவிட்டது 1923 ஆம் ஆண்டிலேதான். களைத்த உடலும், உருகிய இரும்பும், ஓயாது சுழலும் பொறிகளும் கூடியவிடத்து விபத்து நேர்வதில் வியப்பில்லை. 1906 ஆம் ஆண்டு யூலை முதல் 1907 ஆம் ஆண்டு யூன் வரையிலான ஓராண்டில், பிற்ஸ்பேர்க் அடங்கிய அலெகெனி மாவட்டத்தில் மாத்திரம் வேலைத்தல விபத்துக்களால் மாண்டோர் 526 பேர். கிறிஸ்டல் ஈஸ்ட்மன் என்னும் பெண் சட்ட அறிஞர் இம்மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1910 ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்டார். மாண்டவருள் 195 பேர் உருக்காலைகளைச் சேர்ந்தவர். 125 பேர் புகையிரதத் தொழிலாளர். 71 பேர் சுரங்கத் தொழிலாளர்.

இறந்தவனின் குடும்பத்துக்கு நட்டஈடு கிடைப்பது அரிது. வேலையை ஏற்றவன் அதன் ஆபத்தையும் ஏற்றவனே என்பது அன்றைய நீதிமன்றங்களின் நோக்கு. தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் பென்சில்வேனியாவில் நிறைவேறியது 1915 ஆம் ஆண்டிலேயாகும். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, 1894 ஆம் ஆண்டில், குரோவேசியத் தொழிலாளர் தம்முட் சந்தா சேர்த்து ஒரு பரஸ்பர உதவிச் சங்கத்தை நிறுவிக்கொண்டனர். காயமுற்றவனுக்குப் படியும், மாண்டவனின் மனைவி மக்களுக்கு ஒரு தொகையும் அச்சங்கம் வழங்கியது. அரசும் முதலாளியும் செய்யாததை ஏழைகள் தமக்குத் தாமே செய்துகொண்டனர்.

சங்கத்தை அடுத்து அவர்கள் எழுப்பியது கோயில். மில்வேல் பங்கு 1900 ஆம் ஆண்டில் உருவாயிற்று. முதற் கோயில் 1921 ஆம் ஆண்டில் தீக்கிரையாக, மறு ஆண்டே புதிய கோயில் எழுந்தது. அதன் சுவர்கள் பல ஆண்டுகள் வெறுமையாகவே கிடந்தன. பொருளாதார மந்தம் மக்களை வாட்டிய முப்பதுகளில் அப்பங்கின் குருவாயிருந்தவர் பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த அல்பேட் சாகர் சுவாமியார். கட்டடக் கடன் ஓரளவு தீர்ந்ததும், சுவர்களுக்கு ஓவியம் தீட்ட வல்லார் ஒருவரை அவர் தேடினார். சிலோவேனிய நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய எழுத்தாளர் லூயி அடமிக், தம் நண்பரொருவரின் பெயரை எடுத்துரைத்தார். அந்நண்பரே மக்சோ வங்கா.

வங்கா 1889 ஆம் ஆண்டு சாகிரெப் நகரிற் பிறந்தவர். உயர்குலத்தாரின் முறைகேடான உறவிற் பிறந்த குழந்தை என்று கூறுவர். ஆனால் அவரை வளர்த்தவள் ஒரு குடியானவப் பெண். இளமைப் பருவத்தை அவர் கிராமத்துக் குடிசையிலேயே கழித்தார். பின்னர் சாகிரெப்பிலும் புரூசெல்ஸ் நகரிலும் ஓவியம் பயின்றார். முதலாம் உலகப் போரின்போது பெல்ஜியச் செஞ்சிலுவைச் சங்கத்தில் சேவை செய்தார். குண்டடிபட்ட உடல்களை அவர் அங்கே கண்டார். போரின் மீது அவர் கொண்ட வெறுப்பு அதன்பின் தணியவேயில்லை. சாகிரெப் நுண்கலைக் கழகத்தில் ஆசிரியராகி, அமெரிக்கப் பெண்மணி ஒருவரை மணந்து, முப்பதுகளின் நடுப்பகுதியில் அமெரிக்கா வந்து சேர்ந்தார். செல்வர் வீட்டு வரவேற்பறையையும் ஏழையின் குடிசையையும் ஒருங்கே அறிந்தவர் அவர். மில்வேலின் சுவர்களுக்கு இத்தகைய ஒருவரே வேண்டியிருந்தார்.

1937 ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஏறத்தாழ எட்டு வாரங்களில் முதற்றொகுதி ஓவியங்களை அவர் தீட்டி முடித்தார். சாரத்தின்மேல் நள்ளிரவு கடந்தும் நின்று தீட்டினாராம். இருண்ட கோயிலிலே காலஞ்சென்ற குருவானவர் ஒருவரின் ஆவி நடமாடியதைத் தாம் கண்டதாகவும் அவர் சொன்னார். அடமிக் அதனை 1938 ஆம் ஆண்டிலே ‘ஹார்ப்பர்ஸ்’ சஞ்சிகையில் எழுத, ஆவிக்கதை நாடெங்கும் பரவியது. ஆவியைப் பற்றிய பேச்சிலே ஓவியங்கள் பேசியது பலர் காதிலே விழாமற் போயிற்று.

ஓவியங்கள் பேசியது யாது? கோயிலுள் நுழைபவரின் கண் முதலிற் செல்வது பீடத்துக்கு மேலே வீற்றிருக்கும் தேவமாதாவிடம். குரோவேசிய மக்களின் அரசி அவள். ஆயினும் பட்டும் பொன்னும் அணிந்த அரசியல்லள். குரோவேசியக் கொடியின் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களிலே நாட்டுப்புறப் பெண்போல உடுத்தியவள். அவளின் கைகள் பெரியவை, உறுதியானவை. வயலிலும் அடுக்களையிலும் உழைத்த கைகள். பீடத்தின் ஒருபுறத்தில், பழைய நாட்டு வயலிலே உழவர் வேலையை நிறுத்தித் திரிகால செபம் சொல்கின்றனர். மறுபுறத்தில், மில்வேலின் மக்கள் தம் குருவானவரோடு கூடி நிற்க, பின்னணியில் ஆலைகள் தெரிகின்றன. கடலுக்கு அப்பாலும் இப்பாலும் உள்ள இரு வாழ்வுகளும் ஒரே தாயின் காலடியிற் சேர்கின்றன.

இனி, ஆலயத்தின் உள்ளத்தை உணர்த்தும் இரண்டு ஓவியங்களைக் கூறல் வேண்டும். இணையாகத் தீட்டப்பட்டவை அவை. ‘குரோவேசியத் தாய் தன் மகனைப் போருக்கென வளர்க்கிறாள்’ என்பது ஒன்று. வெண்ணிற ஆடையும் முக்காடும் அணிந்த பெண்கள், சவப்பெட்டியிற் கிடக்கும் இளம் போர்வீரனைச் சூழ்ந்து அழுகின்றனர். வெண்மை துயரின் நிறம் என்பது தமிழர்க்குச் சொல்ல வேண்டுவதன்று. ‘குடியேறிய தாய் தன் மைந்தரை அமெரிக்கக் கைத்தொழிலுக்கென வளர்க்கிறாள்’ என்பது மற்றையது. இங்கும் பெண்கள் அழுகின்றனர். இங்கும் ஒரு மகன் இறந்து கிடக்கின்றான். அவனுக்குச் சவப்பெட்டி கூட இல்லை. பத்திரிகைத் தாள்களின்மேற் கிடக்கின்றான். தொலைவில் ஆலைகள் வழக்கம்போல் இயங்குகின்றன.

‘வளர்க்கிறாள்’ என்னும் ஒரே சொல் இரண்டு தலைப்புக்களிலும் வருவதை நோக்குக. பாலூட்டிச் சோறூட்டிப் பேணிய வளர்ப்பெல்லாம் யாருக்காக? போரில் மாண்டவனுக்கு நாடு மரியாதை செய்யும். நினைவுக் கல் நாட்டும். ஆலையில் மாண்டவனுக்கு மறுநாட் பத்திரிகையில் இரண்டு வரி கிடைத்தாற் பெரிது. அவ்விடத்துக்கு வேறொருவன் வந்துவிடுவான். இவ்விரு மரணங்களையும் வங்கா ஒரே அளவிலே, ஒரே கௌரவத்தோடு தீட்டி வைத்தார். அதே ஆலயத்திலே சிலுவையில் தொங்கும் யேசுநாதரையும், மாண்ட திருமகனை ஏந்திய வியாகுல மாதாவையும் அவர் தீட்டினார். மூன்று தாய்மாரும் ஒரே துயரை அனுபவிக்கின்றனர். ஆலைத் தொழிலாளியின் தாய் ஞாயிறுதோறும் அங்கே முழந்தாளிட்டபோது, தேவமாதா தன்னைப்போலவே மகனை இழந்தவள் என்பதைச் சுவரே அவளுக்குச் சொல்லிற்று. 526 என்ற எண்ணிக்கையில் அடங்கி மறைந்த முகங்கள் இவ்வோவியத்திலே முகம் பெற்றன.

1941 ஆம் ஆண்டில் சாகர் சுவாமியார் வங்காவை மீண்டும் அழைத்தார். அவ்வாண்டு சித்திரை மாதத்திலே யூகோசிலாவியா நாசிப் படைகளிடம் வீழ்ந்திருந்தது. இரண்டாந் தொகுதியிலே ஓவியரின் துயர் சினமாக மாறியிருப்பதைக் காணலாம். போர்க்களத்திலே போர்வீரனொருவனின் துப்பாக்கிக் கத்தி யேசுநாதரின் விலாவிற் பாய்கின்றது. தேவமாதா தன் வலிய கைகளாலே துப்பாக்கியை முறிக்கின்றாள். நச்சுப்புகை முகமூடி அணிந்த ‘அநீதி’ தராசைத் தூக்கிப் பிடிக்க, அதிலே அப்பத்தினும் பொன் கனத்துத் தாழ்கின்றது. உயர்ந்த தொப்பி அணிந்த முதலாளி தனியே மேசையில் அமர்ந்து பங்குச் சந்தை அறிக்கையை வாசித்தவாறு உணவருந்த, கறுப்பினத்து ஏவலாளன் பரிமாறுகின்றான். கீழே ஒரு பிச்சைக்காரன் கிடக்கின்றான். அதற்கு இணையான ஓவியத்தில் ஏழைக் குடும்பம் ஒன்று எளிய உணவைப் பகிர்ந்துண்ண, யேசுநாதர் அவர்களோடு இருக்கின்றார். எந்த மேசையில் இறைவன் விருந்தினன் என்பதை விளக்க வேறு பிரசங்கம் வேண்டியதில்லை.

இத்தகைய சினத்துக்கு ஒரு கோயில் இடங்கொடுத்தமை சிலருக்கு வியப்பாகலாம். தொழிலாளர்க்கு நியாயமான கூலியும் சங்கம் அமைக்கும் உரிமையும் உண்டென்று 1891 ஆம் ஆண்டிலேயே பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் தம் திருமடலில் வலியுறுத்தியிருந்தார். நாற்பது ஆண்டுகளின் பின் பதினொராம் பத்திநாதர் அதனை மீண்டும் எடுத்துரைத்தார். ஏட்டில் இருந்த அப்போதனையைச் சாகர் சுவாமியார் சுவரிலே ஏற்றினார் எனலாம். இங்கே வேறொரு நிகழ்ச்சியையும் ஒப்புநோக்குதல் தகும். மெக்சிக்கோ நாட்டின் பேரோவியர் டியேகோ ரிவேரா 1933 ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரின் ரொக்பெல்லர் மாளிகையிலே தீட்டிய சுவரோவியத்தில் லெனினின் முகம் இருந்தது. அதை அகற்ற அவர் மறுத்தார். மறு ஆண்டு ஓவியம் முழுவதும் இடித்துத் தள்ளப்பட்டது. செல்வர் கொடுத்த சுவர் அது. மில்வேலின் சுவரோ கூலிக்காரர் காசு சேர்த்து எழுப்பியது. ஆதலால் அங்கே எழுதப்பட்ட உண்மை அழியாது நின்றது.

ஆயினும் காலம் அதையும் விட்டுவைக்கவில்லை. வங்கா 1963 ஆம் ஆண்டிலே மெக்சிக்கோக் கடலில் மூழ்கி இறந்தார். உலர்ந்த சாந்தின்மேல் அவர் தீட்டிய நிறங்களைக் கூரை வழியே இறங்கிய ஈரம் தாக்கிற்று. சாந்தினின்று உப்புப் பூத்தது. பிற்ஸ்பேர்க்கின் ஆலைப்புகையும் அடுக்கடுக்காகப் படிந்தது. நண்பகலிலும் தெரு விளக்குகளை ஏற்றிய நகர் அது. எந்த ஆலைகளின் கொடுமையை ஓவியங்கள் எடுத்துரைத்தனவோ, அந்த ஆலைகளின் கரியே அவற்றை மூடலாயிற்று. 1991 ஆம் ஆண்டிலே ஓவியங்களைக் காப்பதற்கென ஒரு சங்கம் தோன்றியது. அதன் முயற்சியாலே வல்லுநர்கள் சாரம் கட்டி ஏறி, கரியைத் துடைத்தும், உப்பை நீக்கியும், உதிர்ந்த நிறத்தைச் சீராக்கியும் வந்துள்ளனர்.

இப்பணியின் அருமையை மற்றொரு கோயிலின் கதை உணர்த்தும். பிற்ஸ்பேர்க்கின் வடபகுதியில் இதே அர்ச். நிக்கொலாஸ் பெயரால் ஒரு கோயில் இருந்தது. அமெரிக்காவிலேயே குரோவேசியரின் முதற் பங்கு அது. 1894 ஆம் ஆண்டிலே தோன்றியது. மக்கள் குறைந்து, பூசை நின்று, 2013 ஆம் ஆண்டிலே அக்கோயில் இடிக்கப்பட்டது. அங்கே ஞானஸ்நானம் பெற்ற தலைமுறைகளின் நினைவுக்கு ஒரு சுவரும் எஞ்சவில்லை.

மில்வேல் ஆலயத்தைக் காணச் செல்வோர் ஓவியத்தின் அழகை மாத்திரம் நாடிச் சென்றாற் பாதியையே காண்பர். உலையருகே நின்ற மனிதரின் பேரப்பிள்ளைகள் ஆங்கிலம் பேசுகின்றனர். வேறு தொழில் பார்க்கின்றனர். அவர்களின் பாட்டன்மாருட் பலர் எழுத்தறிந்தவரல்லர். நினைவுக் குறிப்பு எதனையும் விட்டுச் செல்லவில்லை. தம் உழைப்பின் விலையையும் இழப்பின் கணக்கையும் அவர்கள் ஒப்படைத்த இடம் அந்தச் சுவர் ஒன்றே. அங்கே, பத்திரிகைத் தாளின்மேற் கிடக்கும் மகனைச் சூழ்ந்து அத்தாய்மார் இன்றும் அழுகின்றனர். அவ்வழுகைக்கு ஒரு நிமிட நேரம் அமைதியாக நின்று செவிகொடுப்பதே அவ்வாலயத்துக்குச் செல்வோர் செலுத்தத்தக்க காணிக்கையாகும்.