டிரெய்லருக்கும் பிரேக் வேண்டும்
(கிளைக் கூட்டத்தில் பட்டறைத் தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேச இங்கே என்னைவிட வல்லவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஸ்பேனரும் ஒயரும்தான். டிரெய்லருக்கு மின்சார பிரேக் கன்ட்ரோலர் பொருத்துவது எப்படி என்று, பட்டறை வேலை கற்று ஆஸ்திரேலியா போக எண்ணியிருக்கும் இளைஞர்கள் சிலர் கேட்டார்கள். அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். ஆனால் டிரெய்லர் என்றால் அது நம் எல்லோருடைய காரியமும் ஆகும்.

பால் ஸ்டோருக்குப் போகும் டாங்கியை எண்ணிப் பாருங்கள். மரத்துப் பால் ஏறக்குறையத் தண்ணீரின் கனம்தான். 2,000 லிட்டர் டாங்கி நிறைந்தால் பாலின் எடை மட்டும் 2 டன். அது மேட்டிலிருந்து செம்மண் சாலையில் இறங்கும்போது, இழுப்பது போய்த் தள்ளத் தொடங்குகிறது. நம் தோட்டத்து டிராக்டர்களில் பலவற்றுக்குப் பின் சக்கரங்களில் மட்டுமே பிரேக். அந்த இரண்டு சக்கரங்கள் தம் வண்டியையும் நிறுத்த வேண்டும், பின்னால் வரும் பாரத்தையும் நிறுத்த வேண்டும். வளைவில் பிரேக்கை மிதித்தால் டிரெய்லர் டிராக்டரின் முதுகைப் பக்கவாட்டில் தள்ளும். வண்டி இரண்டும் மடக்குக் கத்தி போல மடங்கிவிடும். டாங்கி பாதி நிறைந்திருந்தால் அபாயம் குறையும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியல்ல. பாதி டாங்கியில் பால் முன்னும் பின்னும் மோதும். நின்ற வண்டியையும் ஒரு தள்ளுத் தள்ளும்.

இடையில் ஒன்று. டிராக்டருக்கு இடது பிரேக், வலது பிரேக் என்று தனித்தனி மிதி இருக்கிறதே, சாலையில் ஓட்டும்போது இரண்டையும் கொக்கி போட்டுச் சேர்த்து வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி நிற்காது, திரும்பும். இதைச் சொல்லிக் கொடுக்காமலே சாவியைக் கையில் கொடுக்கும் இடங்கள் உண்டு.

இனி மின்சார பிரேக். பெரிய லோரிகளுக்குக் காற்று பிரேக். ஐரோப்பாவில் சிறு டிரெய்லர்களுக்கு, முன்வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னே முட்டுகிற அந்த முட்டுதலாலேயே பிடிக்கும் பிரேக். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் மின்சார பிரேக் பெருவழக்கு. ஆஸ்திரேலியச் சட்டப்படி டிரெய்லரின் சக்கரங்கள் தாங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் இருந்தாக வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் வேண்டும். டிரெய்லர் கழன்று ஓடினால் தானே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடும் வேண்டும்.

அதன் வேலை எளிது. சக்கர டிரம்முக்குள் ஒரு சிறு மின்காந்தம் ஒரு நெம்புகோலின் முனையில் இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் காந்தம் சுழலும் டிரம்மின் முகத்தில் ஒட்டி, அதோடு இழுபட்டுப் போகிறது. நெம்புகோல் திரும்பி பிரேக் கட்டைகளை விரிக்கிறது. மின்சாரம் கூடினால் பிடி கூடும். எவ்வளவு பாய வேண்டும் என்று தீர்மானிக்கும் பெட்டிதான் கன்ட்ரோலர். டிரம்மும் காந்தமும் இல்லாத டிரெய்லருக்கு இந்தப் பெட்டியை மட்டும் வாங்கி மாட்டிப் பிரயோஜனம் இல்லை.

கன்ட்ரோலர் இரு வகை. ஒன்று, மிதித்த பிறகு நேரக் கணக்கில் மின்சாரத்தை ஏற்றிக்கொண்டே போவது. மெல்ல நிறுத்தினாலும் அடித்து நிறுத்தினாலும் அதற்கு ஒன்றுதான். மற்றது, வண்டி எத்தனை வேகமாகத் தளர்கிறது என்பதை உணர்ந்து அந்த அளவுக்குக் கொடுப்பது. விலை சற்றுக் கூடுதலானாலும் பாரம் இழுப்பவன் இரண்டாவதையே வாங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதை வண்டி ஓடும் திசைக்கு நேராகப் பொருத்த வேண்டும். கோணலாக வைத்தால் அதன் உணர்ச்சியும் கோணலாகும். ஓட்டுபவர் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதும் அவசியம். ஏனெனில் பெட்டியில் ஒரு கைப்பிடி இருக்கிறது. டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கினால் கால் பிரேக்கை மிதிக்காமல், இந்தக் கைப்பிடியை மட்டும் மெல்ல அழுத்த வேண்டும். டிரெய்லர் மட்டும் பின்னுக்கு இழுபட்டு நேராகிவிடும். உயிரைக் காப்பாற்றும் விஷயம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அமெரிக்க வழக்கில் பெட்டியிலிருந்து நான்கு ஒயர் வரும். முதலில் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். கறுப்பு ஒயர் பாட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு. நடுவே, பாட்டரிக்கு அருகிலேயே, ஒரு சர்க்கிட் பிரேக்கர். ஒரு காந்தம் சுமார் 3 முதல் 4 ஆம்பியர் இழுக்கும். நான்கு காந்தம் வரை 20 ஆம்பியர் பிரேக்கர் போதும், ஆறு என்றால் 30. விளக்குக்குப் போடும் மெல்லிய ஒயரை இதற்குப் போட்டால் ஒயர் சூடாகும், பிரேக் பிடிக்காது. வெள்ளை ஒயர் பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கே நேராகப் போகட்டும். துரு ஏறிய உடம்பு இரும்பில் ஒரு திருகாணியில் முடிந்துவிடும் பழக்கம் ஆகாது. கறுப்பையும் வெள்ளையையும் மாற்றிக் கொடுத்தால் பெட்டி அத்தோடு தொலைந்தது. சிவப்பு ஒயர் பிரேக் மிதியின் சுவிட்சுக்கு. அந்தச் சுவிட்சில் ஒரு பக்கம் எப்போதும் மின்சாரம் இருக்கும், மறு பக்கம் மிதித்தால்தான் வரும். மிதித்தால் வரும் பக்கத்தில்தான் இணைக்க வேண்டும். நீல ஒயர் வண்டியின் பின்னால் உள்ள இணைப்புச் சாக்கெட்டுக்குப் போய் டிரெய்லரின் காந்தங்களைச் சேரும்.

நீலம் என்றேன். இங்கேதான் ஆள் ஏமாறுவான். அமெரிக்காவின் ஏழு முனைச் சாக்கெட்டில் நீலம் பிரேக். ஆஸ்திரேலியச் சாக்கெட்டிலும் நீலம் பிரேக்தான், ஐந்தாம் முனை. ஆனால் பழைய ஐரோப்பிய ஏழு முனைச் சாக்கெட்டில் நீலம் இரண்டாம் முனை, அது பின்னால் எரியும் மூடுபனி விளக்கு! அதே ஐந்தாம் முனை அங்கே வலப்பக்கப் பின் விளக்கு. இன்னொன்று, அமெரிக்க முறையில் சிக்னலும் பிரேக் விளக்கும் ஒரே ஒயரில் வரும். ஆஸ்திரேலியாவில் பிரேக் விளக்குக்குச் சிவப்பு ஒயர் தனி. ஆகவே நிறத்தை நம்பாதீர்கள். ஒரு சோதனை விளக்கை எடுத்து, ஒருவர் மிதிக்க, ஒருவர் சிக்னல் போட, ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

நம் பால் வண்டிகளுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. பால் கட்டியாகாமல் இருக்கப் போடும் அமோனியா செம்புக்கும் பித்தளைக்கும் பகை. சாக்கெட்டின் முனைகள் பித்தளை. டாங்கி மூடியிலிருந்து வழியும் பால் படாத இடத்தில், வாய் கீழ் நோக்கியபடி, மூடியோடு சாக்கெட்டைப் பொருத்துங்கள். முனை பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்து அதற்குரிய கிரீஸ் தடவுங்கள். விளக்குக்கும் இதே கதிதான். இருட்டு விலகாத நேரத்தில் பெரட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டிக்குப் பின் விளக்கு எரியாவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பொருத்திய பின் சமதரையில், சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில், கைப்பிடியை மட்டும் அழுத்திச் சோதியுங்கள். டிரெய்லர் சக்கரம் சுழலாமல் இழுபட்டால் அளவு அதிகம், குறையுங்கள். பாரம் ஏற்றியபோது வைத்த அளவு வெறும் வண்டிக்கு ஆகாது.

கழன்று ஓடும் டிரெய்லரை நிறுத்த, அதன் மேலேயே ஒரு சிறு பாட்டரியும் ஊசிச் சுவிட்சும் இருக்கும். ஊசியின் கம்பியை இழுக்கும் வண்டியின் சட்டத்தில் மாட்ட வேண்டும், கொண்டியில் மாட்டக் கூடாது. கொண்டி கழன்றால் அதுவும் சேர்ந்து போய்விடுமே! அமெரிக்காவின் வணிக வண்டி விதிப்படி அந்த பிரேக் குறைந்தது 15 நிமிடம் பிடித்து நிற்க வேண்டும். சோதிக்கும்போது முதலில் சாக்கெட் இணைப்பைக் கழற்றுங்கள். பிறகு ஊசியை இழுத்து, வண்டியை மெல்ல நகர்த்துங்கள். டிரெய்லர் அசையாமல் முரண்டு பிடித்தால் நல்லது.

இனித் தொழிலாளியின் பங்கு. பிரேக் இல்லாத டிரெய்லரில் இரட்டைப் பாரம் ஏற்றி இறக்கத்தில் ஓட்டச் சொன்னால் என்ன செய்வது? "வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களே" என்பீர்கள். மலேசியாவின் 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 26ஏ பிரிவின்படி, உடனடி ஆபத்து உண்டு என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருந்தாக வேண்டும். நம் ஆள் அதில் உட்கார்ந்து பிரேக்கைப் பற்றிப் பேசட்டும்.

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். டிரைவர் வந்து "பிரேக் சரியில்லை ஐயா" என்று வாயால் சொன்னால், "சரி, பார்க்கலாம்" என்று அனுப்பிவிடாதீர்கள். தேதி, நேரம், வண்டி எண், குறை, யாரிடம் தெரிவிக்கப்பட்டது, இவற்றை நோட்டில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். விபத்து நடந்த பிறகு டிரைவரின் கவனக்குறைவு என்று எழுத ஆயிரம் பேனா வரும். அதற்கு முன்பே உங்கள் பேனா எழுதியிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு நஷ்டஈடு கேட்க ஒரு சாட்சி இருக்கும்.

மேசை மேல் ஒரு பழைய கன்ட்ரோலரும், மூன்று வகைச் சாக்கெட்டும், ஒரு 12 வோல்ட் பாட்டரியும், சோதனை விளக்கும் வைத்திருக்கிறேன். இளைஞர்கள் முன்னால் வாருங்கள். டிராக்டர் ஓட்டும் அண்ணன்மார்களும் வாருங்கள். முதலில் ஐரோப்பியச் சாக்கெட்டிலிருந்து தொடங்குவோம்.