ஒரே செம்பில் இரண்டு ஆட்சி

ரஷ்யப் பேரரசின் செப்புக்காசுகளைச் சேர்க்கத் தொடங்குகிறவர் கையில் பெரும்பாலும் முதலில் வந்து சேருவது, இரண்டாம் கேத்தரின் காலத்து ஐந்து கோபெக். ஒரு காசின் எடை ஏறத்தாழ 51 கிராம், உள்ளங்கை கனக்கும். 16 ரூபிளுக்கு ஒரு பூடு, அதாவது 16 கிலோவுக்குச் சற்று கூடுதலான செம்பு என்பது கணக்கு. நூறு ரூபிள் கொடுக்க வேண்டுமானால் நூறு கிலோவுக்கு மேல் வண்டியில் ஏற்ற வேண்டும், நினைத்துப் பாருங்கள்! 1769இல் அங்கே காகிதப் பணம் வந்ததற்கு இந்தச் சுமையும் ஒரு காரணம். இந்தக் காசுகளில் எழுத்தும் உருவமும் தெளிவாக உள்ளதையே பலரும் கேட்டு வாங்குகிறார்கள். உருவங்கள் குழம்பி, ஒன்றின் அடியில் இன்னொன்று தெரிகிற காசைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

1762இல் ஆறே மாதம் ஆண்ட மூன்றாம் பீட்டரின் காலத்தில், பழைய ஐந்து கோபெக் காசுகளை உருக்காமல் அவற்றின் மேலேயே முரசும் கொடிகளும் அடித்துப் பத்து கோபெக் ஆக்கினார்கள். செம்பு அதே செம்புதான், மதிப்பு மட்டும் இரண்டு மடங்கு. அவரை அரியணையிலிருந்து இறக்கிய மனைவி கேத்தரின், அதே காசுகளின் மேல் தன் பெயரெழுத்தை அடிக்கச் செய்து மறுபடி ஐந்தாக்கினார். அப்படிப்பட்ட காசு கிடைத்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கேத்தரின் காசில் உள்ள கழுகின் இறகுகளுக்கு இடையே பீட்டரின் கொடி எட்டிப்பார்க்கக்கூடும்.

இதெல்லாம் ஆவணங்களில் இருக்கிறதே, சிதைந்த காசு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு குறிப்பிட்ட காசுக்கு என்ன நேர்ந்தது என்பதை எந்த ஆவணமும் எழுதி வைப்பதில்லை. எடுத்துக்காட்டாக, 1796இல் அரசவைப் பிரமுகர் பிளாத்தோன் ஸூபோவின் திட்டப்படி ஐந்தை மறுபடி பத்தாக்கத் தொடங்கினார்கள். அந்த நவம்பரில் கேத்தரின் இறந்தார். பட்டத்துக்கு வந்த மகன் பவுல் திட்டத்தை நிறுத்தினார். அடித்து முடித்திருந்த பத்துகளை 1797இல் மீண்டும் ஐந்தாக்கியபோது, கேத்தரின் காலத்து அச்சுகளையே, பழைய ஆண்டு எண்ணோடு பயன்படுத்தினார்கள். ஆகவே காசில் 1793 என்றிருக்கலாம், அடித்ததோ 1797. அடியில் மங்கலாகத் தெரியும் பத்து கோபெக் தடயம் இல்லாவிட்டால் அந்தக் காசை 1793ஆம் ஆண்டுக்கே எழுதி வைத்துவிடுவோம்.

அழகு குறைவு, விற்கும்போது விலை படியாது என்பார்கள். விற்க வாங்குகிறவருக்கு அது சரி. படிக்க வாங்குகிறவருக்குப் பொருந்தாது. நேரம் முடிகிறது, ஒன்றே ஒன்று: பழைய செம்பைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அந்த மெல்லிய தடயம்தான் முதலில் போகும். அது அழியாத ஒரு காசாவது உங்களுக்குக் கிடைக்கும் என்று நம்புகிறேன்.