பசியாறியாச்சா?

(பொன்விழா ஆண்டுக் குடும்ப தினத்தில் இளைய வணிகர்கள் சார்பில் ஆற்றிய உரை)





இளைய வணிகர்கள் சார்பில் பதினைந்து நிமிடம் பேச வேண்டும் என்று செயலவை கேட்டுக்கொண்டது. வியாபாரத்தைப் பற்றிப் பேசுவோம் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். கடை வாடகையைப் பற்றியும், ஆள் கிடைக்காததைப் பற்றியும் பேச ஆரம்பித்தால் மஃரிப் ஆகிவிடும். அது எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ஆகவே, கல்லாவுக்குப் பின்னால் நின்று நாள் முழுக்க நாம் செய்கிற வேறொரு வேலையைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தோம். அந்த வேலையின் பெயர் பேச்சு.

இன்று காலையிலிருந்து இந்த மண்டபத்து வாசலில் ஒரு கேள்வி ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. “பசியாறியாச்சா?” எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னோம். “ஆச்சு, ஆச்சு.” ஏழு மணிக்கே பிள்ளைகளைக் கிளப்பி, ஈசூனிலிருந்தும் ஜூரோங்கிலிருந்தும் ரயில் பிடித்து வந்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் பசியாறியிருப்போம் என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். கேட்டவர் பதிலுக்காகக் கேட்கவில்லை. சொன்னவரும் வயிற்றைக் கேட்டுச் சொல்லவில்லை. சலாமுக்கு அடுத்தபடியாக அன்பைக் காட்ட நம்மிடம் இருக்கும் சொல் அது. அதைப் பொய்க் கணக்கில் யாரும் எழுத மாட்டார்கள்.

ஆனால் சோறு கண்ணுக்கு முன்னால் வந்த பிறகும் அதே பதிலைச் சொன்னால்? அஸ்மா பின்த் யஸீத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று இப்னு மாஜாவில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்களிடம் உணவு கொண்டுவரப்பட்டது. அதை அவர்கள் அங்கிருந்த பெண்களிடம் கொடுத்தார்கள். பெண்கள் தங்களுக்கு விருப்பமில்லை என்றார்கள். நம் வீட்டு லாத்தாமார் இன்றைக்கும் விருந்துக்குப் போன இடத்தில் சொல்வதுதான். அப்போது நபியவர்கள், பசியோடு பொய்யையும் சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்று தடுத்தார்கள்.

எவ்வளவு சின்ன இடத்தில் இது சொல்லப்பட்டிருக்கிறது பாருங்கள். எடையில் குறைத்தவரிடம் சொன்னதல்ல, பொய்ச்சாட்சி சொன்னவரிடம் சொன்னதல்ல. கூச்சத்தில் வந்த ஒரு ‘வேண்டாம்’. வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்று கற்றுத் தந்தவர்களும் அதே நபியவர்கள்தாம். அப்படியென்றால் கூச்சத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கூச்சம் பொய்யாக மாறுகிற இடத்தில் கை நீட்டித் தடுத்திருக்கிறார்கள்.

மறுக்க வேண்டிய இடத்தில் எப்படி மறுத்தார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. ஒரு முறை விருந்தில் சுட்ட உடும்பு வைக்கப்பட்டது. என்ன உணவு என்று தெரிந்ததும் நபியவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்டார்கள். இல்லை, தம் மக்கள் வாழும் பகுதியில் இது கிடையாது, அதனால் மனம் ஒப்பவில்லை என்றார்கள். காலித் அதைத் தம் பக்கம் இழுத்துவைத்துச் சாப்பிட்டார்கள். சமைத்தவரைக் குறை சொல்லவுமில்லை, வயிறு சரியில்லை என்று சாக்குச் சொல்லவுமில்லை. நாமாக இருந்தால் ‘டாக்டர் சாப்பிடக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்’ என்றிருப்போம். டாக்டர்கள் மேல் நாம் போடுகிற பழி கொஞ்சநஞ்சமல்ல!

நமக்கு இன்னொரு பூர்வீகச் சொத்தும் உண்டு. அது தமிழ். திருக்குறளில் 58ஆம் அதிகாரம் கண்ணோட்டம். தாட்சண்யம் என்று நாம் சொல்வதுதான். அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் எங்கே போய் நிற்கிறார் தெரியுமா? பழகியவர் நஞ்சை ஊற்றுவதைக் கண்ணால் பார்த்த பிறகும், நாகரிகம் வேண்டுகிறவர்கள் அதைக் குடித்து அமைதியாக இருப்பார்கள் என்கிறார். வாய்மைக்கென்றும் தனி அதிகாரம் எழுதிய அதே வள்ளுவர். தமிழனின் முகதாட்சண்யம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். இரண்டும் நம்முடையவை. அந்தக் குறளும் நம்முடையது, அந்த ஹதீஸும் நம்முடையது. இரண்டும் இழுக்கிற இழுப்பில்தான் நம் வீடுகளில் பேச்சு நடக்கிறது.

இந்த நாடும் நமக்கு மரியாதையைச் சொல்லிக் கொடுத்தது. 1979இல் நாடளாவிய பண்புநலன் இயக்கம் தொடங்கியது. 1982இல் சிங்கா என்ற சிங்கம் அதன் சின்னமாக வந்தது. எங்கள் வயதுக்காரர்கள் அந்தச் சிங்கத்தோடு வளர்ந்தவர்கள். பக்கத்துக் கடைச் சீனர் ‘பாய்சே’ என்பார், மலாய்க்கார மாக்சிக் ‘செகான்’ என்பார், நாம் ‘சங்கடமா இருக்கு’ என்போம். ஆக, இந்தத் தீவில் முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொல்ல எல்லா மொழியிலும் தயக்கம்தான்.

இனி கடைக்கு வருவோம். எங்களில் சிலர் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்து வெங்காயம், உருளை, காய்ந்த மிளகாய் எடுத்து உணவகங்களுக்குப் போடுகிறோம். ‘மிளகாய் புதுசா தம்பி?’ என்று கேட்டால், போன மாதச் சரக்கென்றால் போன மாதச் சரக்கு என்று சொல்லிவிடலாம். அது சுலபம். பொருளைப் பற்றி உண்மை சொல்ல நம் அத்தாமார்கள் பழக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஈரத் தானியத்தை அடியில் மறைத்து வைத்த வியாபாரியை நபியவர்கள் கண்டித்த செய்தியைச் சின்ன வயதிலேயே மதரஸாவில் கேட்டிருக்கிறோம். நாக்கு தடுமாறுவது பணம் கேட்கும்போது.

“அண்ணே, அந்த மூணு பில்லு…”

“இன்ஷா அல்லாஹ், வெள்ளிக்கிழமை தம்பி.”

எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்பது மரியாதையில்லை. நாளை செய்வேன் என்று சொல்லும்போது அல்லாஹ் நாடினால் என்பதையும் சேர்க்கச் சொல்வது அல்கஹ்ஃப் அத்தியாயத்தின் கட்டளை. செய்தே தீருவது என்று மனத்தில் உறுதி எடுத்தவன், முடிவு தன் கையில் இல்லை என்று பணிந்து சொல்கிற சொல் அது. அதை நாம் ‘இல்லை’ என்பதற்குப் போர்த்துகிற சால்வையாக ஆக்கிவிட்டோம். சொன்னவர் காதில் அது ‘முடியாது’, கேட்டவர் காதில் ‘ஆகட்டும்’. இரண்டாயிரம் வெள்ளி பாக்கி எட்டாயிரம் ஆவது இப்படித்தான். அண்ணனிடம் கையில் பணம் இல்லையென்றால், ‘இந்த மாசம் முடியாது, அடுத்த மாசம் பாதி தரேன்’ என்று அவர் சொல்லிவிட்டால், நாங்கள் எங்கள் லோரி தவணையை அதற்கேற்ப மாற்றிக்கொள்வோம். எட்டு வெள்ளிக்கிழமை காத்திருந்து ஒன்பதாவது வாரம் சரக்கை நிறுத்தும்போதுதான் முகம் முறிகிறது.

எழுதி வாங்கிக்கொள்ளவும் கூச்சம். ‘நமக்குள்ள என்ன தம்பி எழுத்து?’ குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எதைப் பற்றியது? அல்பகராவின் 282ஆவது வசனம், தவணைக் கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது. எழுதுபவர், சாட்சிகள், சிறிய தொகை ஆனாலும் சலிக்காமல் எழுதுவது என்று அத்தனையும் அதில் இருக்கிறது. ஒருவரையொருவர் நம்பாதவர்களுக்காக இறங்கிய வசனமல்ல, ஈமான் கொண்டவர்களை அழைத்துச் சொன்னது.

எங்களில் சிலர் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் டிப்ளோமா முடித்துவிட்டுக் கடைக்கு வந்தவர்கள். ஆய்வுக்கூடத்தில் முதலில் கையில் கொடுப்பது மல்டிமீட்டர். மரியாதை தெரியாத கருவி! பேட்டரி தீர்ந்திருந்தால் தீர்ந்தது என்று காட்டிவிடும், வாத்தியார் பேட்டரியா மாணவன் பேட்டரியா என்று பார்க்காது. கடைக்கு அப்படி ஒரு மீட்டர் வாங்க முடியுமா என்று பல நாள் பேசிச் சிரித்திருக்கிறோம்.

பணம் போனால் போகட்டும், திரும்பி வரும். திரும்பி வராத ஒன்றைப் பற்றித்தான் முக்கியமாகப் பேச வந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பெண்ணின் தகப்பனார் முறைப்படி விசாரித்தார். மூன்று கடைகளில் கேட்டார், பள்ளிவாசலில் கேட்டார். எல்லா இடத்திலும் ஒரே பதில்: ‘நல்ல பையன், நல்ல குடும்பம்.’ பையனுக்குச் சூதாட்டம் உண்டு, ஆலோங்கிடம் கடன் உண்டு என்பது அந்த மூன்று கடைக்காரர்களில் இரண்டு பேருக்குத் தெரியும். நிக்காஹ் முடிந்து ஏழாவது மாதம் அந்தப் பெண் குடியிருந்த வீவக வீட்டுக் கதவில் சிவப்புச் சாயத்தை ஊற்றிவிட்டுப் போனார்கள். அப்போது அவள் பிள்ளைத்தாய்ச்சி. இன்றைக்கு அவள் தாய்வீட்டில் இருக்கிறாள். பிள்ளை பாலர்பள்ளிக்குப் போகிறது.

அந்த இரண்டு பேரும் கெட்டவர்களா? இல்லை. தொழுகையாளிகள், வாரி வழங்குகிறவர்கள். புறம் பேசக்கூடாது என்று நினைத்தார்கள், ஒருவருடைய வாழ்வைக் கெடுக்கக்கூடாது என்று நினைத்தார்கள். இங்கே மார்க்கம் என்ன சொல்கிறது? ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி நபியவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். ஒருவர் கையில் பொருள் இல்லாதவர், மற்றவர் தோளிலிருந்து தடியை இறக்காதவர் என்று நபியவர்கள் இருவரையும் பெயர் சொல்லியே சொன்னார்கள். பெண்களை அடிப்பவர் என்று அதற்குப் பொருள் கூறுவார்கள். பிறகு உஸாமாவை மணந்துகொள்ளச் சொன்னார்கள். அந்தப் பெண்மணிக்கு முதலில் அதில் விருப்பமில்லை. பிறகு மணந்து, மற்றவர்கள் பொறாமைப்படும்படி வாழ்ந்ததாக அவர்களே அறிவிக்கிறார்கள். ஆலோசனை கேட்பவரிடம் உள்ளதைச் சொல்வது புறத்தில் சேராது என்று இமாம் நவவீ (ரஹ்) ரியாளுஸ் ஸாலிஹீனில் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். கேட்காத இடத்தில் சொன்னால்தான் அது புறம். கேட்ட இடத்தில் மறைத்தால் அதற்கு என்ன பெயர் என்பதை ஆலிம்கள்தான் சொல்ல வேண்டும்.

சரி, இது தெரிந்தும் ஏன் வாய் திறப்பதில்லை? அந்தக் கடைக்காரர்களில் ஒருவர் எங்களிடம் மனம் விட்டுச் சொன்னார். அதற்குப் பத்து வருடம் முன்னால் வேறொரு சம்பந்தத்தில் அவர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டு போனவர்கள் சம்பந்தத்தை நிறுத்தினார்கள், அதோடு விடவில்லை. ‘இன்னார்தான் சொன்னார்’ என்று மாப்பிள்ளை வீட்டிலேயே போய்ச் சொல்லிவிட்டார்கள். அன்று முறிந்த உறவு. பெருநாள் அன்றுகூட ஒரு ‘ஈது முபாரக்’ கிடையாது. அவருக்கு மட்டுமல்ல, அந்தத் தெரு முழுவதற்கும் அது பாடமாகிவிட்டது. யார் கேட்டாலும் ‘நல்ல பையன்’.

நாங்கள் சொல்ல வந்தது இதுதான். உண்மை பேசாதவர்களைத்தான் நாம் எப்போதும் கண்டிக்கிறோம். உண்மையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், சொன்னவரைக் காட்டிக்கொடுக்கிறவர்களை யாரும் கண்டிப்பதில்லை. ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு ஒரு செய்தியைச் சொன்னால், அது அமானத் என்று ஹதீஸ் இருக்கிறது. அமானத் என்று அவர் வாயால் சொல்லக்கூட வேண்டாம், அக்கம்பக்கம் பார்த்தாலே போதும்.

அல்அஹ்ஸாப் 53ஆவது வசனத்தை ஒரு முறை பொருளோடு படித்துப் பாருங்கள். நபியவர்கள் வீட்டு விருந்துக்கு வந்தவர்கள் சாப்பிட்ட பிறகும் எழுந்திருக்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். போங்கள் என்று சொல்ல நபியவர்களுக்கு வெட்கம். அல்லாஹ் உண்மையைச் சொல்ல வெட்கப்படுவதில்லை என்று வசனம் இறங்கியது. ஆனால் கட்டளை யாருக்கு? இனிமேல் கறாராகப் பேசுங்கள் என்று வீட்டுக்காரருக்கு அல்ல, சாப்பிட்டதும் கலைந்து செல்லுங்கள் என்று விருந்தாளிகளுக்கு. அந்நூர் 28ஆவது வசனமும் அப்படியே. ஒரு வீட்டு வாசலில் நின்று சலாம் சொல்கிறோம். திரும்பிப் போங்கள் என்று உள்ளிருந்து சொன்னால் திரும்பிவிட வேண்டும், அதுவே நமக்குத் தூய்மையானது. முகம் சுளிக்க இடமே இல்லை. ‘இப்ப வேணாம் மாமா, பிள்ளைக்குப் பரீட்சை’ என்று நம் வீட்டு மருமகள் கதவைத் திறந்து சொன்னால் அந்த மாமா என்ன செய்வார்? அடுத்த மூன்று கல்யாணங்களில் அது பேச்சாகும். அவளும் கதவைத் திறந்து, தேத்தண்ணி போட்டு, சிரித்துக்கொண்டே பொய் சொல்லக் கற்றுக்கொள்வாள்.

நம் சங்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முடிக்கிறோம். மூத்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசித்ததும் ‘ஏற்கிறோம்’ என்று எல்லாரும் கை தூக்குகிறோம். ‘வேறு விவகாரங்கள்’ என்ற இடத்தில் மண்டபம் ஊசி விழுந்தால் கேட்கும். உண்மையான பொதுக்கூட்டம் அரை மணி நேரம் கழித்துக் கீழே கோப்பிக் கடையில் நடக்கும். ஐம்பது வருடமாகச் சங்கம் பிளவுபடாமல் இருந்ததற்கு அந்தத் தாட்சண்யமும் ஒரு காரணம், அதை மறுக்கவில்லை. ஆனால் கோப்பிக் கடைக் கூட்டத்துக்கும் இப்போது இளைஞர்கள் வருவதில்லை. எங்கள் வயதுக்காரர்கள் மூன்று பேர் உறுப்பியத்தைப் புதுப்பிக்கவில்லை. காரணம் கேட்டால் ‘வேலை அதிகம்’ என்கிறார்கள். அதுவும் மரியாதைக்குச் சொன்ன பதில்தான்.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால் எங்கள் இளைஞர் பிரிவு இரண்டு கேள்விகளை எழுத்தில் தரும். ஒன்று, கல்வி நிதிக்கு மனுப்போட்டுக் கிடைக்காத பிள்ளைகளுக்கு ‘இல்லை’ என்று ஒரு கடிதமாவது அனுப்புவது பற்றி. இப்போது அவர்கள் மாதக்கணக்கில் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னொன்று, மண்டப வாடகைக் கணக்கு. பதில் ‘முடியாது’ என்றால் ‘முடியாது’ என்றே சொல்லுங்கள். ‘இன்ஷா அல்லாஹ் பார்ப்போம் தம்பி’ மட்டும் வேண்டாம். அன்று மாலையும் நாங்கள்தான் நாற்காலி அடுக்குவோம்.