உங்கள் பிள்ளையைப் பற்றி அந்தத் திரை என்ன சொல்கிறது?

(லிட்டில் இந்தியாவில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பனார் பேசியதன் எழுத்து வடிவம்)



தேக்காவில் சாமான் வாங்கிக்கொண்டு நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். கீரை வாடுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

நான் ஆசிரியர் அல்ல, லாரி ஓட்டுநர். 2020 ஏப்ரல் 8ஆம் தேதி, கொவிட் காரணமாகச் சிங்கப்பூர்ப் பள்ளிகள் எல்லாம் வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறின. எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரு மடிக்கணினி. மூத்தவள் முடித்து, அடுத்தவன் முடித்து, தொடக்கநிலை ஐந்தில் படித்த சின்னவன் கைக்கு அது வரும்போது இரவு பத்தைத் தாண்டிவிடும். ஒருநாள் பள்ளியிலிருந்து அழைப்பு. "உங்கள் மகன் தினமும் தாமதமாகத்தான் வேலையை ஒப்படைக்கிறான். யோசிக்காமல் பதிலைத் தட்டுகிறான். அக்கறை போதவில்லை."

நேரம் சரி. தவறான பதில்களும் சரி. திரையில் தெரிந்தது எல்லாம் உண்மைதான். அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. பையன் தூக்கக் கலக்கத்தில் தட்டியிருக்கிறான்! நானோ வெட்கத்தில் "சாரி டீச்சர்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதே வாரங்களில் கணினி இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிகள் இரவல் கொடுத்துக்கொண்டிருந்தன. வாய் திறந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இந்தத் தப்பை நீங்கள் செய்யக்கூடாது என்றுதான் இன்று பேச வந்தேன்.

பிள்ளைகள் பயன்படுத்தும் எஸ்எல்எஸ் தளம் 2018இல் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தது. பிள்ளை எந்தக் கேள்விக்கு என்ன பதில் எழுதினான், எதை முடித்தான், எதை விட்டான் என்பது ஆசிரியருக்குத் தெரியும். இது உளவு பார்க்கும் வேலை என்று பயந்துவிடாதீர்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், பாதி வகுப்பு "ஐந்தில் இரண்டு" என்று எழுதுகிறது. மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே கூட்டியிருக்கிறார்கள். நல்ல ஆசிரியருக்கு அந்த ஒரே மாதிரியான தப்பு, மதிப்பெண்ணைவிடப் பெரிய தகவல். அடுத்த நாள் ரொட்டியை வெட்டிக் காட்டி அதே பாடத்தை மறுபடி நடத்துவார். இரண்டு பேர் மட்டும் தவறினால் அந்த இருவரையும் தனியாக உட்கார வைப்பார்.

2023இல் இன்னொன்றும் சேர்ந்தது. கணிதத்தில் பிள்ளை சொல்லும் பதிலைப் பார்த்து, அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்று கணினியே எடுத்துக் கொடுக்கும். இதில்தான் நம் வீட்டு அக்கா அண்ணன்மார் கெடுக்கிறார்கள்! தம்பிக்குப் பாவம் பார்த்து அவர்களே பதிலைத் தட்டிவிடுகிறார்கள். கணினி 'இவனுக்கு எல்லாம் தெரியும்' என்று நம்பிக் கடினமான கணக்கைக் கொடுக்கும். ஆசிரியரும் இவனை விட்டுவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார். தப்பாகவே இருக்கட்டும், அது அவன் தப்பாக இருக்கட்டும்.

இனி நம் சமூகத்துக்கு வருகிறேன். இங்கே தேர்வு முடிவுகளை இனவாரியாகவும் பார்க்கிறார்கள். 1980களில் அப்படிப் பார்த்தபோதுதான் இந்தியப் பிள்ளைகள், முக்கியமாகக் கணிதத்தில், பின்தங்கியிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. அதன் பிறகு 1991இல் பிறந்ததுதான் சிண்டா. உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்களே, அந்த வெள்ளி அங்கேதான் போகிறது. ஆகவே எண்ணிக்கை எடுப்பதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 'இந்தியர்' என்ற ஒரே பெட்டிக்குள் வங்கி அதிகாரியின் பிள்ளையும் இருக்கிறது, துப்புரவு வேலை செய்யும் அம்மாவின் பிள்ளையும் இருக்கிறது. சராசரி ஏறினால் எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று அர்த்தமா? வாடகை வீட்டுப் பிள்ளை அந்தச் சராசரிக்குள் காணாமல் போய்விடும். நம்மைப் போன்றவர்கள் உரக்கக் கேட்க வேண்டிய கேள்வி இது.

தகவல் பத்திரமாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2024 ஆகஸ்டில் மொபைல் கார்டியன் என்ற செயலிக்குள் யாரோ ஊடுருவினார்கள். 26 உயர்நிலைப்பள்ளிகளில் சுமார் 13,000 மாணவர்களின் கருவிகளில் இருந்தவை அழிந்துபோயின. தேர்வுக்காக எழுதிவைத்த குறிப்புகளை இழந்து எத்தனை பிள்ளைகள் தவித்தார்கள்! கல்வி அமைச்சு அந்தச் செயலியை நீக்கிவிட்டது. 2012இல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அரசாங்க அமைப்புகளுக்குப் பொருந்தாது, அவற்றுக்கு வேறு விதிமுறைகள். இதையும் தெரிந்து வைத்திருங்கள்.

அடுத்த பெற்றோர் சந்திப்பில் "நல்லா படிக்கிறானா டீச்சர்?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். "எந்த இடத்தில் தடுமாறுகிறான்? அதற்கு வகுப்பில் என்ன செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். திரையில் இருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் மூத்த பிள்ளையைக் கூட்டிச் செல்லுங்கள், கூச்சம் வேண்டாம். வீட்டு நிலையையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: இரவு வேலை, ஒரே மேசை, வைஃபை கிடையாது என்று. உயர்நிலை மாணவர்களுக்கு 2021 முதல் சொந்தக் கருவி உண்டு. தொடக்கநிலைப் பிள்ளைகள் பலர் இன்னும் அக்காவின் கணினிக்காகத்தான் காத்திருக்கிறார்கள். அது எந்தத் திரையிலும் தெரியாது.

சரி, நேரமாகிவிட்டது. எஸ்எல்எஸ் எப்படி இருக்கும் என்றே பார்த்திராதவர்கள் பின்வரிசைக்கு வாருங்கள். என் சின்னவன் உட்கார்ந்திருக்கிறான், திறந்து காட்டுவான்.