மரை வேட்டைக்கு எந்தத் தோட்டா?



துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டைவிட்டு வந்த எங்களுக்குத் துவக்குப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே வளர்ந்த எங்கள் பிள்ளைகள் சிலர், வேலைத்தள நண்பர்களோடு விக்டோரியா மலைக்காடுகளுக்கு வேட்டைக்குப் போகிறார்கள். நான் அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவன் என்பதால், "அண்ணை, எந்தத் தோட்டா நல்லது?" என்று என்னிடம் கேட்கிறார்கள். தெரியாமல் போவதைவிடத் தெரிந்து போவது நல்லது.

முதலில் மிருகத்தைப் பார்ப்போம். இங்கே சாம்பர் என்று சொல்வது எங்கள் ஊர் மரையைத்தான். 1860-களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுவந்து விக்டோரியாக் காடுகளில் விட்டார்கள். நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேய வேட்டைக்காரர், 1850-களில் வெளியான தமது நூலில் மரையை 'எல்க்' என்றே எழுதினார். அமெரிக்காவின் எல்க் வேறு இனம். ஆனாலும் இரண்டும் பெரிய, உரமான மிருகங்கள். வளர்ந்த ஆண் மரை 200 கிலோவைத் தாண்டும். இலங்கையில் இன்று அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட மிருகம். இங்கே உரிய அனுமதியோடு வேட்டையாடலாம்.

இனித் தோட்டா. விக்டோரியாவின் 2012ஆம் ஆண்டு விதிகள், மரைக்குக் குறைந்தது .270 அங்குல விட்டமும் 130 கிறெயின், அதாவது ஏறத்தாழ 8.4 கிராம் எடையும் உள்ள சன்னம் வேண்டும் என்றன. விதிகள் மாறக்கூடியவை. போகுமுன் வேட்டை முகாமைத்துவ அதிகாரசபையின் நடைமுறை விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் பலவகை இருக்கும். .30-06 வந்தது 1906இல். .270 வின்செஸ்டர் 1925இல், .308 வின்செஸ்டர் 1952இல், .300 வின்செஸ்டர் மெக்னம் 1963இல். நான்குமே மரையை விழுத்தும். பெடியள் மெக்னத்தைத்தான் விரும்புவார்கள். ஆனால் அதன் உதைப்பு .308ஐ விட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. தோள் நோகும் என்று உடம்பு ஒருமுறை பழகிவிட்டால், விசையை இழுக்கும் கணத்தில் கண் மூடும், கை ஆடும். குறி தவறும். அடர்ந்த காட்டில் மரை பெரும்பாலும் 100 மீற்றருக்குள்தான் தென்படும். அந்தத் தூரத்துக்கு மெக்னத்தின் வேகம் தேவையில்லை.

சன்னத்தின் வகையும் முக்கியம். இராணுவச் சன்னம் முழுவதும் உலோகத்தால் மூடப்பட்டது. உடலை ஊடுருவிப் போய்விடும், மிருகம் காயத்தோடு ஓடும். வேட்டைக்கு நுனி விரியும் சன்னம் வேண்டும். அது உள்ளே விரிந்து விரைவாகக் கொல்லும். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதசாலையில் செய்த இத்தகைய சன்னங்கள்தான் 'டம்டம்' என்று பெயரெடுத்தன. 1899ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் போரில் இவற்றைத் தடைசெய்தது. மனிதருக்குக் கொடுமை என்று விலக்கியதே, மிருகத்துக்கு வதையைக் குறைக்கிறது.

எனவே புதிதாகத் தொடங்குபவருக்கு என் பதில்: .308, 165 அல்லது 180 கிறெயின் எடையில் விரியும் சன்னம்.  வாங்கிய தோட்டாவில் முதல் சில பெட்டிகளைச் சூட்டுத் திடலிலேயே செலவழியுங்கள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், இருதயமும் நுரையீரலும் உள்ள இடத்தில் ஒவ்வொரு முறையும் படும் என்று நிச்சயமான பிறகுதான் காட்டுக்குப் போகவேண்டும். 1996 போர்ட் ஆதர் படுகொலைக்குப் பின் வந்த சட்டங்களால், அரைத் தானியங்கித் துவக்கு சாதாரண வேட்டைக்காரருக்குக் கிடையாது. அதனால் முதல் வெடியை நம்பித்தான் போகவேண்டும். சந்தேகம் இருந்தால் சுடாதீர்கள். காயத்தோடு பற்றைக்குள் கிடப்பது என்னவென்று எங்கள் சனத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கேட்டால் ஏசி வாயடைக்காதீர்கள். அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, துவக்கு பூட்டிய இரும்புப் பெட்டியில் இருக்கிறதா, தோட்டா தனியே பூட்டப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். பிள்ளைகளே, போரைக் கண்ட அம்மம்மாவோ அப்பப்பாவோ இருக்கும் வீட்டில் துவக்கை வெளியே எடுத்துக் காட்டாதீர்கள். அது சட்டப் புத்தகத்தில் இல்லாத விதி, ஆனாலும் கடைப்பிடியுங்கள்.